நான் எடுத்த கழுகுப் படம்

பவானிசாகர் வழியாகப் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். அனல் பறக்கும் மத்தியானம். சாலையோரக் கரட்டில் செத்துக் கிடந்த பசுவின் மேல் அது உட்கார்ந்திருந்தது. முடியில்லாத கழுத்து, கூன் முதுகு. பாறு கழுகு. சற்று முன்புதான் வனத்துறைப் பலகையில் அதன் படத்தைப் பார்த்திருந்தேன். மிச்சமிருப்பதே கொஞ்சம்தான் என்று எழுதியிருந்தது. அவசரமாகச் செல்போனில் ஒரு படம் எடுத்தேன்.

மாட்டுக்காரம்மா வேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க அக்கா, மாட்டுக்கு என்னாச்சுங்க?"

"காலு வீங்கி எந்திரிக்கவே இல்லீங்க தம்பி. வலியில கத்தறதக் கேக்க முடியலீங்க. என்ற மூட்டுவலிக்கு எழுதிக் குடுத்த ஊசியவே நேத்து அதுக்கும் போட வெச்சேனுங்க. இன்னிக்கு வெடியக்கால போயிருச்சுங்க."

பலகையில் அதுவும் இருந்தது. வலி ஊசி போட்ட மாடு செத்தால் புதைத்துவிட வேண்டும். அந்தக் கறி பாறு கழுகுக்கு விஷம்.

வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த அந்தப் பறவையைக் கல்லால் அடித்தேன்.

"பசிக்கு வந்துதுங்க, தின்னுபோட்டுப் போகட்டும், உடுங்க" என்றார் அவர். விஷயத்தைச் சொன்னேன். அவரும் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார்.

கழுகு அவசரப்படாமல் எழுந்து மலைப்பக்கம் போனது. ஆள் கூட்டிவந்து குழி தோண்டி மூடும்வரை மேலே இன்னும் சில வட்டமிட்டுக்கொண்டே இருந்தன. ஒன்றையும் இறங்க விடவில்லை.

காப்பாற்றிவிட்டாய் என்கிறார்கள் நண்பர்கள். படத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டுவதில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், நான் எடுத்தபோதே அதன் அலகு சிவப்பாக நனைந்திருக்கிறது.