காலியாக இருந்த புகார்ப் பெட்டி

என்னிடம் வேலை செய்த ஒரு பெண்ணை நான் விரட்டினேன். திட்டி விரட்டவில்லை, பாராட்டி விரட்டினேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. கல்லூரி நாளிலிருந்து தவறாமல் எழுதிவரும் என் டைரியிலும் அந்த நாளுக்கு நேராக 'புகார் தீர்க்கப்பட்டது' என்று இரண்டே சொற்கள்தான் இருக்கின்றன. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. நீங்கள் பார்த்தால் மெச்சுவீர்கள்!

பெருமாநல்லூர் சாலையில் எனக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. பெரிதல்ல. அறுபது தையல் மெஷின், ஒரு கட்டிங் மேஜை, தைத்ததைச் சரிபார்க்க ஒரு செக்கிங் பகுதி. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் துணியோடு சேர்த்து எங்கள் கழிப்பறையையும் படிக்கட்டையும் பார்க்கத் தொடங்கினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: முதலாளிகள் தொழில் நெறி வகுப்புக்கு வர வேண்டும். முதலில் ஐந்து நாள். பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நிறுத்தாமல்.

அந்த ஐந்து நாளும் போனேன். அவினாசி சாலையில் ஒரு ஓட்டல் ஹால். என் பக்கத்து நாற்காலிக்காரர், "பத்தாவது பெயிலானவனையெல்லாம் மறுக்கா பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க பாருங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் சிரிக்கவில்லை. நாற்பது பக்கம் குறிப்பெடுத்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டு, அலுவலகத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

மாட்டிய அன்றே மனம் சொல்லிவிட்டது... படித்தாயிற்று.

அதன் பிறகு வந்த மாத வகுப்புகளுக்கு என் மேனேஜர் பழனிசாமியை அனுப்பினேன். "நீங்க சரக்கு அனுப்பறதப் பாருங்க, நான் போயி உக்காந்துட்டு வந்தர்றனுங்க" என்பார். வரும்போது வகுப்பில் கொடுத்த அச்சிட்ட தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். நான் அதில் இரண்டு துளை போட்டு, மாத வரிசைப்படி ஒரு ஃபைலில் சேர்ப்பேன். ஒரு தாள்கூடத் தவறியதில்லை. ஒரு தாளைக்கூடப் படித்ததும் இல்லை!

ஐந்து நாள் வகுப்பில் சொன்ன ஒன்றைச் செய்திருந்தேன். தொழிலாளர்கள் டீ குடிக்கும் இடத்தில் பெயர் போடாமல் குறை எழுதிப் போட ஒரு மரப்பெட்டி. அதற்கு ஒரு பூட்டு. சாவி என் சாவிக்கொத்தில். கம்பெனி முதலாளியிடம் சாவி இருப்பதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். நான் அதைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை...

நான்காம் மாதத்தில் முதல் சீட்டு விழுந்தது. கழிப்பறைக்குப் போக செக்கிங் பகுதிக்கு ஒரே ஒரு டோக்கன்தான். அதை சூப்பர்வைசர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். பெண்கள் போய்க் கேட்டால் எல்லோரும் கேட்க கிண்டல் செய்கிறார் என்று எழுதியிருந்தது. நீல மை. வலப்புறம் சாய்ந்த எழுத்து.

அந்த டோக்கனை அன்றே ஒழித்திருக்கலாம். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

ஆனால் எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. தண்டிக்கும் எண்ணம் துளியும் இல்லை, இதை மட்டும் நம்புங்கள். எதற்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும் எனக்கு. ஒரு சனிக்கிழமை காலை, பழனிசாமி வகுப்புக்குப் போயிருந்த நேரம், லீவு லெட்டர் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டேன். பெயர் வாரியாக அடுக்கியிருந்தேன் அல்லவா! முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

ஜெபமணி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தங்கையோடு வந்து, இருவருமாக செக்கிங்கில் நின்றவர். குனிந்த தலை நிமிராமல் வேலை செய்பவர். கண்டுபிடித்தபோது எனக்கு வந்தது கோபமல்ல, மகிழ்ச்சி. துணிச்சலாக எழுதியிருக்கிறாரே என்ற மகிழ்ச்சி.

திங்கட்கிழமை ஜெபமணியையும் சூப்பர்வைசரையும் அறைக்குக் கூப்பிட்டேன். முகத்துக்கு நேரே பேசித் தீர்ப்பதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

"இந்தச் சீட்டு எழுதுனது நீதானே கண்ணு? பயப்படாத. நல்ல காரியந்தான் செஞ்சிருக்கற."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரின் செருப்பைப் பார்த்தார்.

"நான் எழுதல சார்."

அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எதிரிலேயே சூப்பர்வைசரைக் கண்டித்தேன். டோக்கனை வாங்கி என் மேஜை இழுப்பறையில் போட்டேன். அன்று மதியம் நிறைவாகச் சாப்பிட்டேன்... நல்ல முதலாளி சாப்பிடும் சாப்பாடு!

ஜெபமணி மூன்று நாள் வந்தார். நான்காம் நாள் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. ஊரில் ஏதோ அவசரம் போலிருக்கிறது என்றார் பழனிசாமி. தீபாவளி போனஸுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில் திருப்பூரில் யாராவது வேலையை விடுவார்களா? எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஆள் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதினேன்.

அதன் பிறகு பெட்டியில் எதுவும் விழவில்லை. திங்கட்கிழமைதோறும் திறந்து பார்த்து, புகார்ப் பதிவேட்டில் 'இல்லை' என்று குறித்தேன். பதினொரு மாதம்! தணிக்கைக்கு வந்தவர்களிடம் அந்தப் பக்கத்தைப் பெருமையோடு காட்டினேன்.

பழனிசாமியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்ததால்தான் ஒரு சனிக்கிழமை நானே வகுப்புக்குப் போகும்படி ஆனது. வகுப்பெடுத்தவர், தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். யார் கம்பெனியில் புகார்ப் பெட்டி காலியாக இருக்கிறது என்று கேட்டார். முக்கால்வாசிப் பேர் கை தூக்கினோம், நான் கொஞ்சம் உயரமாகவே.

"சாவி யார்கிட்ட இருக்குங்க?"

"எங்ககிட்டத்தானுங்க. வேற ஆருகிட்ட இருக்கோணும்?" என்றார் ஒருவர். ஹால் சிரித்தது.

அம்மையாரும் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எழுதுனது யாருன்னு தேடிக் கண்டுபிடிச்சவங்க இங்க யாராவது இருக்கீங்களா?"

என் கை மேஜைமேல் கிடந்தது. அதை நான் தூக்கவில்லை.

திரும்பியதும் ஃபைலைத் திறந்தேன். லீவு லெட்டர்களோடு நான் உட்கார்ந்திருந்த அதே சனிக்கிழமைக்கான தாள், வரிசையில் சரியான இடத்தில் இருந்தது. மூன்றாவது வரி: 'எழுதியவரைத் தேடாதீர்கள். பாராட்டுவதற்காகக்கூட.' என் துளை அந்த வரிக்குப் பக்கத்தில்தான் விழுந்திருந்தது...

பெட்டி வைக்க ஐந்து நாள் பாடம் போதும். பெட்டியை வைத்த பிறகு ஒருவன் என்னென்ன தவறு செய்வான் என்பதை ஐந்து நாளில் யாரால் சொல்லித்தர முடியும்? அதற்குத்தான் மாதாமாதம் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சாவியைத் தையல் பகுதிப் பெண்கள் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் கொடுத்தேன். குறைகளை அவர்களே படித்து, கையெழுத்து என் கண்ணில் படாதபடி வாயால் மட்டும் எனக்குச் சொல்வார்கள். முதலில் வந்த சேதி பழையது. அந்த மூன்று நாளும் சூப்பர்வைசர், ஜெபமணி கடந்து போகும்போதெல்லாம், "லெட்டர் போடற மகராணி வர்றாங்க, வழி உடுங்க" என்பாராம். பயந்துபோய் ஒருத்தியும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லையாம். சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

இன்று கம்பெனி நன்றாக நடக்கிறது. மாதம் நான்கைந்து குறைகள் வருகின்றன. வந்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. வகுப்புக்கு நானே போகிறேன், முன்வரிசையில் உட்காருகிறேன். வாழ்க்கையில் எனக்குப் பெரிய குறை இல்லை. குற்றம் செய்தவன் இவ்வளவு நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்காதீர்கள்... இருக்க முடிகிறது. அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு, அயர்னிங் வேலை கொடுத்திருந்த ஒரு யூனிட்டுக்குப் போனேன். செக்கிங் மேஜையில் ஜெபமணி நின்றிருந்தார். ஒன்றரை வருடமாக மாதாமாதம் பாடம் கேட்டவன் நான். யோசிக்காமல் நேரே அவரிடம் போய்விட்டேன்.

"அன்னைக்கு உங்களக் கூப்புட்டு அப்பிடிக் கேட்டது என்னோட தப்புங்க."

நிமிர்ந்த அவர் பார்வை என்னிடம் நிற்கவில்லை. என் தோளைத் தாண்டிப் போனது.

"எதப் பத்திக் கேக்கீய சார்?"

"அந்தச் சீட்டுங்க..."

"நான் ஒண்ணும் எழுதல சார். அப்பமே சொன்னேன்லா."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் அந்த யூனிட்டின் சூப்பர்வைசர் நின்றிருந்தார். ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருந்தார்.

எழுதியது அவர்தானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இல்லையென்றால் என் குற்றம் இன்னும் பெரிது. இப்போது அங்கே வேலையில் இருக்கிறாரா என்பதும் தெரியாது. ஒரு போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். செய்யக் கூடாது. அவர் பெயரை இன்னொரு முறை என் வாயால் சொல்லக் கூடாது.

ஜெபமணி என்பது அவர் பெயரல்ல.