வெள்ளை கவுனும் இருட்டு முகமும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, துடியலூரில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. அன்று காலையில்தான் எங்கள் ஒரே மகள் வெள்ளை கவுன் போட்டு, மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தாள்.

என் கணவர் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். வரும்படி போதாமல் குவைத்தில் ஒரு குடோன் வேலைக்குப் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. லீவு கிடைக்கவில்லை. "என் கேமராவுலயே எடுத்து அனுப்பு அம்மணி, பாப்பா மூஞ்சி தெளிவாத் தெரியோணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் காலையில் முப்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் கவுன் மட்டும் தெரிந்தது, முகம் இருட்டு. பிளாஷ் எரிந்தும் இப்படி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் அவருடைய சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, பிளாஷைக் குறைத்துவிடுமாம். மறுபடி கவுனைப் போட்டு, கையில் மெழுகுவத்தியோடு மகளை நிறுத்தினேன். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தேன். பிளாஷ் வெளிச்சத்தைக் கூட்ட, அதன் பட்டனை அமுக்கிக்கொண்டே கேமராவின் சக்கரத்தைத் திருப்பி, பிளஸ் ஒன்று வைக்கச் சொன்னார். முகம் வந்தது, கவுன் வெளுத்துப்போனது. கொஞ்சம் குறைக்கச் சொன்னார். மகளைச் சுவரை விட்டு இரண்டடி முன்னால் நிற்கச் சொன்னார். ஒவ்வொரு படத்தையும் போனுக்கு நேராகக் காட்டினேன்.

நாலாவது படம் அருமையாக வந்தது. கண், மூக்கு, விழுந்த பல்லின் சந்து வரை தெரிந்தது. ஆனால் அவர் விடவில்லை. "கண்ணு, மெழுகுவத்தியக் கொஞ்சம் கீழ புடி." "அக்கட்டால திரும்பு சாமி." முடி சரியில்லை, நிழல் விழுகிறது என்று பத்துப் பன்னிரண்டு படம் ஆகிவிட்டது.

எனக்கு வளவளவென்று பேசுவதே பிடிக்காது. வந்த வேலை முடிந்தால் போனை வைத்துவிடுகிற ஆள். மகளுக்கோ கால் வலி. பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, நாலாவதே நல்லா வந்துருச்சுங்களே, இன்னும் என்னத்துக்கு நொட்டை சொல்லிட்டிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் மெதுவாக, "நல்லா வந்துருச்சுன்னு சொன்னா நீ போனை வெச்சுப்போடுவியே அம்மணி" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அவருக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே இருந்தது. மகளை நாற்காலியில் உட்காரவைத்து, அவருக்கு டூட்டி நேரம் வரும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தண்ணீர் மோட்டாரில் சத்தம் வருகிறதா, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று தேவையில்லாததையெல்லாம் கேட்பார். முன்பு போல நான் சீறுவதில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டே மோட்டார் வரைக்கும் நடந்துபோய், பார்த்து, நிதானமாகப் பதில் சொல்கிறேன்.