கயிற்றுக்குள் படுத்திருந்த என் மகள்

நான்கு பித்தளைக் கம்பங்கள், அவற்றை இணைக்கும் சிவப்புக் கயிறு. ஓவியங்களை யாரும் நெருங்கிவிடாமல் இருக்க முன்னால் நிறுத்தி வைத்திருப்பார்களே, அவைதான். பெங்களூரில் உள்ள ஓர் ஓவியக் கூடத்தில், புடவைக்கு மேல் சாம்பல் நிறச் சீருடைச் சட்டை அணிந்த ஒரு காவல் பெண், அந்தக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, தரையில் மல்லாந்து படுத்திருந்த என் மகளைச் சுற்றி நிறுத்தினார். இழுத்தால் சத்தம் வரும் என்று தூக்கினார். ஒவ்வொன்றும் கனமானது. நான்காவதை வைத்து, கயிற்றின் கொக்கியை மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தன் மூலைக்குத் திரும்பி நின்றுகொண்டார்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு என்று பார்த்தால் சில சொற்கள்தான். குக்கர் விசில், மிக்ஸி, கைதட்டல் எதுவும் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு வீறிடுவாள். தரை குளிர்ச்சியாக இருந்தால் எந்த இடம் என்று பாராமல் படுத்துவிடுவாள். ஒருமுறை துணிக்கடையில் அப்படிப் படுத்தபோது, “இந்த மாதிரிப் பிள்ளைய எதுக்கு வெளிய கூட்டிட்டு வர்றீங்க?” என்று ஒரு பெண்மணி கேட்டார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. பதில் தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டதைப்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம், பள்ளியையும் பயிற்சி நிலையத்தையும் தவிர வேறெங்கும் நான் அவளை அழைத்துப் போகவில்லை. திருவண்ணாமலையிலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து தொம்மலூரில் குடியேறிய எங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் மூடிய ஜன்னல்கள் என்றாகிவிட்டிருந்தது.

அந்த ஞாயிறு மேல்வீட்டில் சுவரைத் துளைக்கும் வேலை தொடங்கியது. கணவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அலறுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்து ஆட்டோவில் ஏறினேன். “எல்லிகே?” என்று ஓட்டுநர் கேட்டபோதுதான், எங்கே போவதென்றே நான் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது. அலுவலகத் தோழிகளோடு ஒருமுறை போயிருந்த ஓவியக் கூடம் நினைவுக்கு வந்தது. படங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அங்கே சத்தம் இல்லை என்பது மட்டும் நினைவிருந்தது.

இரண்டாவது அறையில் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு படம். மண்சாலை ஒன்று, இருபுறமும் புளியமரங்கள், மேலே கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எனக்குச் சாலைதான் தெரிந்தது. மகள் நேராகப் போனாள், சுவருக்குச் சற்றுத் தள்ளித் தலை வைத்துப் படுத்தாள், மேலே கிளைகளைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. எழுப்பினால் மறுபடி தொடங்கும் என்று எனக்குத் தெரியும். எழுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மூலையில் நின்ற அந்தப் பெண் எங்களை நோக்கி வந்தபோது, துணிக்கடையில் சொன்ன அதே மன்னிப்பை நான் வாய்க்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கம்பங்களைத் தூக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். கல்லூரிப் பிள்ளைகள் இருவர் கயிற்றருகே நின்று மகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவளைப் பற்றிய குறிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று சுவரில் தேடினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. கயிறு கட்டியிருந்தால் அதற்குள் இருப்பதை மதிக்க வேண்டும் என்று எல்லோரும் பழகியிருந்தார்கள்.

அரை மணி கழித்து மேற்பார்வையாளர் வந்தார். இளைஞர். “ஏனு இது? எப்பிஸி” என்றார், எழுப்பச் சொல்லி.

“மகு நோட்தா இதே சார். நோடக்கே தானே பந்திரோது?” என்றார் அந்தப் பெண். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது, பார்க்கத்தானே வந்திருக்கிறது என்று. இளைஞர் விதி என்று ஏதோ சொல்ல, தொடக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது, படுக்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று அந்தப் பெண் தணிந்த குரலில் கேட்டார். இளைஞர் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிளம்பும்போது நன்றி சொல்லப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே தமிழில் பேசினார். பெங்களூரிலேயே, தமிழர்கள் நிறைய இருக்கும் அடுகோடியில் பிறந்து வளர்ந்தவர். “எனக்கு இதெல்லாம் என்னன்னு தெரியாது மேடம். கூட்டம் ஜாஸ்தி, யாராச்சும் மிதிச்சிட்டா? அதான்” என்றார்.

அடுத்த ஞாயிறும் போனோம். அவர் வாசலிலேயே என்னை நிறுத்தி ஓரமாக அழைத்துப் போனார். கம்பங்களை இடம் மாற்றியதற்கு எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். “எனக்குக் கன்னடம் படிக்க வரும், லெட்டர்லாம் எழுத வராது. நீங்க எழுதித் தர்றீங்களா?” சுற்றுச்சுவரை ஒட்டிய மேடையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். என்னால் அவருடைய வேலைக்கு ஆபத்து வந்துவிட்டதே என்ற பதற்றத்தில், ‘நான் செய்த தவறுக்கு வருந்துகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்து, தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“அத அடிச்சிடுங்க மேடம்.”

“இப்படி எழுதினா விட்டுடுவாங்க அக்கா.”

“விட்டாலும் விடலன்னாலும் நான் தப்பு பண்ணல. நடந்தத மட்டும் எழுதுங்க.”

அடித்தேன். கீழே கன்னடத்தில், எழுத்தெழுத்தாக அழுத்திக் கையெழுத்திட்டார். வருடக்கணக்கில் யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கையெழுத்து முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதம் வெளிவாசலில், வெயிலில் நிற்க வைத்தார்கள். நாங்கள் போகும்போதெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பையைச் சோதித்துவிட்டு, “போ பாப்பா, உன் மரம் அங்கயேதான் இருக்கு” என்பார். மாதம் முடிந்ததும் மறுபடி உள்ளே வேலைக்கு வந்தார். மூன்று வருடம் போல் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு போனோம். மகள் மெல்ல மெல்ல எழுந்து உட்காரவும், நிற்கவும், அடுத்த அறைக்குப் போகவும் தொடங்கினாள். அங்கே பழகிய தைரியத்தில் பூங்காவுக்குப் போனோம், ரயிலில் ஊருக்குப் போனோம். படுத்தால் படுக்கட்டும் என்று பக்கத்தில் நிற்க நானும் கற்றிருந்தேன்.

சென்ற ஆண்டு முழங்கால் வலி தாளாமல் அவர் வேலையை விட்டார். இப்போது அடுகோடியில் தம்பியின் டீக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் அங்கே போயிருந்தபோது, அந்தக் கூடத்தில் உங்களுக்குப் பிடித்த படம் எது என்று கேட்டேன். சிரித்தார். “படத்த எங்க பாத்தேன்? ஆளுங்களப் பாருன்னுதான் சொல்லி வெச்சாங்க. ஒன்பது வருஷம் படத்துக்கு முதுகக் காட்டிட்டு நின்னேன்.”

போன மாதம் அவரை அழைத்துப் போனோம். பச்சைப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். பழக்கத்தில் வாசலில் பையைத் தானே திறந்து காட்டினார். பதினொரு வயது மகள் முன்னால் நடக்க, அவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் மரியாதைக்கு நின்று நின்று வந்தார். பெரிய படங்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. கடைசி அறையில், ஒரு முழம்கூட இல்லாத சின்னப் படம்: ஒரு மஞ்சள் சுவர், அதன்மேல் உலரப் போட்ட ஒரு துண்டு, சாய்ந்த வெயில். அதன் முன் நின்றவர் நகரவில்லை. மகள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

மூடும் நேரம் ஆகிவிட்டது. மூலையில் இருந்த புதிய காவல் பெண் அருகில் வந்து, முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்றாள்.

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஒந்து நிமிஷம்மா” என்றார்.

அந்தப் பெண் எங்கள் மூவரையும் பார்த்தாள். பிறகு பக்கத்து அறை விளக்குகளை முதலில் அணைக்கப் போனாள்.