வெறும் கட்டத்துக்குப் பூச்சியம் போட்டது நான்

ஜெசிந்தாக்கா இன்று காலை காலமானார். பிக்கரிங்கிலிருந்து அவருடைய மகள் ஷெரின் போன் எடுத்துச் சொன்னார்.

அழுகை வரவில்லை. கலண்டரில் சனிக்கிழமைக்கு நேரே "பூசை, பத்து மணி" என்று எழுதினேன்.

ஷெரின் இன்னொன்றும் சொன்னார். "சேர்ச்சில நான்தான் பேசுறன் அங்கிள். அம்மா அந்த ரிசர்ச் வேலையில பெரிய பிழை ஒண்டு விட்டு, தானே ஒப்புக்கொண்டு, வேலையையும் விட்டவ எல்லோ. அந்த ஹொனெஸ்ரியைப் பற்றிச் சொல்லப் போறன்."

"ஓம் பிள்ளை" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அது அப்படி நடக்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்துகளைத் தவிர நான் முகநூலில் எதுவும் எழுதியதில்லை. இங்கே எழுதுவது முறையோ தெரியவில்லை. ஆனால் நேரில் என்றால் நான் திரும்பவும் "ஓம் பிள்ளை" என்றுதான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, நிலக்கீழ் அறை, இரண்டு மேசை. ஒன்றில் நான், யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் கணிதம் படிப்பித்தவன். மற்றதில் மன்னார் ஜெசிந்தாக்கா. கனடாவுக்கு வருமுன் ஸாம்பியாவில் ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்தவர்.

ஆபிரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து ஈரல் புற்றுநோயாளர்களின் படிவங்கள் பெட்டி பெட்டியாக வரும். ஹெபடைடிஸ் பி என்ற செங்கமாரிக் கிருமி எத்தனை பேரின் இரத்தத்தில் இருந்தது என்று பார்க்கும் ஆய்வு அது. கிருமி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒருவர் கம்பியூட்டரில் பதிய வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும், இருவரும் படிவத்தின் அடியில் கையெழுத்து வைக்க வேண்டும்.

வரி தவறிவிடும் என்ற பயத்தில் நான் ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிமட்டம் வைத்துத்தான் வாசிப்பேன். "மாஸ்டர், உந்த அடிமட்டத்துக்கும் தனிச் சம்பளம் தாறாங்களோ?" என்பார் அக்கா.

அவர் வேறு மாதிரி. நடுவில் நிறுத்திவிட்டு வயதை வாய்விட்டு வாசிப்பார். "முப்பத்தொண்டு... மீன்பிடிகாரன். ஈரல் புற்றுநோய் வாற வயசே மாஸ்டர் இது?" நான் அடுத்த படிவத்தை எடுப்பேன்.

ஒரு மாரிகாலம் அவருடைய தாயார் கடுமையாகச் சுகமில்லாமல் இருந்தார். அக்கா இரண்டு மாதம் வரவில்லை. அந்தப் பெட்டிகளை நான் தனியே முடித்தேன்.

நிறையப் படிவங்களில் இரத்தப் பரிசோதனைக் கட்டம் வெறுமையாக இருந்தது. நான் பூச்சியம் போட்டேன்.

யோசித்துப் போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இருபது வருடம் சோதனைத் தாள் திருத்திய கை. பிள்ளை விடை எழுதாமல் விட்டால் பூச்சியம்.

அக்கா திரும்பி வந்த அன்று தாள் கட்டுகளை அவர் மேசையில் வைத்தேன். "எல்லாம் இரண்டு தரம் பாத்திட்டன் அக்கா. கையெழுத்தை மட்டும் வையுங்கோ."

"மாஸ்டர் பாத்தா அதுக்கு மேல என்ன" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

சில வாரங்களில் எங்கள் மேலாளரான டொக்ரர் அட்டவணையோடு கீழே வந்தார். அதன்படி கிருமிக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் பெரிய தொடர்பு இல்லை. அது அப்படியே வெளியே போயிருந்தால், அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி அவசரமில்லை என்று யாராவது வாசித்திருக்கக்கூடும்.

சில படிவங்களை எடுத்துக் காட்டி, வெறும் கட்டத்துக்குப் பூச்சியம் போடலாம் என்று யார் தீர்மானித்தது என்று கேட்டார்.

நான் கார்பெற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தேன்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். "அந்த ஊர் லாப்பில் வேலை செய்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்." அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டொக்ரர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

டொக்ரர் போன பிறகுதான் அக்கா எனக்கு விளக்கினார். "வெறுமையா விட்டா கிருமி இல்லையெண்டில்லை மாஸ்டர். அண்டைக்கு இரத்தம் சோதிக்கிற ரெஸ்ற் கிற் முடிஞ்சிருக்கும். ஸாம்பியாவில எங்கட லாப்பில மாசக்கணக்கா இல்லாமல் இருந்திருக்கு."

"நான் போய்ச் சொல்லுறன் அக்கா" என்றேன்.

"பேசாம இருங்கோ. எனக்குப் பிள்ளை ஒண்டு, உங்களுக்கு மூண்டு. கணக்கு மாஸ்டருக்குக் கணக்கு நான் சொல்லித் தரோணுமே?"

பேசாமல் இருந்தேன். அது எனக்குச் சுலபமாக வரும்.

இருவரும் அவ்வளவு படிவங்களையும் திரும்பப் பதிந்தோம். வெறும் கட்டத்துக்கு 9, தெரியாது என்று அர்த்தம். புதிய அட்டவணையில் கிருமிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. அக்கா அதை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

அடுத்த வருடத்துக்கு ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. எனக்குத் தந்தார்கள். அக்கா பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனார், ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

பிறகு கல்யாண வீடுகளில், கடைகளில் எத்தனையோ தரம் சந்தித்தோம். ஒரு தரம்கூட அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மகளிடம் தன் பிழை என்றே சொல்லி வைத்திருந்தார் என்பது இன்றுதான் எனக்குத் தெரியும்...

ஷெரின் பிள்ளை, நீங்கள் பார்க்கவென்று உங்கள் பெயரை இதில் ராக் (tag) செய்திருக்கிறேன். சரியாகச் செய்தேனோ தெரியாது.

அந்தப் பிழை என்னுடையது. அம்மா என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான். சனிக்கிழமை பேசும்போது என்னுடைய பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். நான் சேர்ச்சில் முன் வாங்கில் இருப்பேன்.

போயிட்டு வாங்கோ அக்கா.