எந்தக் கம்பெனி

விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தோம். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். கணக்கு எழுதும் கிராணி எப்போதும் பெயர்களைத்தான் கூப்பிடுவார். அன்று அவர் கையில் தமிழ்ப் பத்திரிகை இருந்தது. பக்கத்தில் துரை. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் மேனேஜருக்கு அந்தப் பெயர் போகவில்லை. கிராணி விளக்கு வெளிச்சத்தில் பத்திரிகையை மடித்துப் பிடித்து வாசித்தார். "கம்பெனி கழிவை ஆற்றில் விட்டுவிட்டு மூடி மறைக்கிறது என்று கடைசி லயத்தில் குடியிருக்கும் பால்மரத் தொழிலாளிப் பெண் ஒருவர் கூறினார்." வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். கடைசி வரிசை வீடுகளான அந்த லயத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் புல்லு வேலை. பால் வாளியைக் கீழே வைத்தேன்.

"கம்பெனி வீட்டுல இருந்துகிட்டே கம்பெனிய ஏசுறவங்க இங்க இருக்க வேணாம்னு தொர சொல்றாரு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடணும்," என்றார் கிராணி. என்னோடு தினமும் வெற்றிலை பங்கிட்டுக்கொண்டவர்கள்கூட ஓர் அடி தள்ளி நின்றார்கள்.

நான் சொன்னது வேறு கம்பெனி. தோட்டத்துக்கு மேலே ரயில் பாதையோரம் எண்ணெய் டிப்போ ஒன்று இருந்தது. பெரிய மழை பெய்தால் அங்கிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்து எங்கள் ஆற்றில் கலக்கும். குளித்தால் உடம்பு அரிக்கும். வாத்து செத்து மிதக்கும். என் சின்ன மகளின் கால் முழுக்கக் கொப்புளம். அதைத்தான் என் அக்காள் கணவரிடம் சொன்னேன். மாமா பக்கத்து டவுனான சுங்கை சிப்புட்டில் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். அதோடு அந்தப் பத்திரிகைக்கு வட்டார நிருபர். கோயில் திருவிழா, கால்பந்து, சாவு, எல்லாம் அவர்தான் எழுதி அனுப்புவார். அந்த எண்ணெய்க் கம்பெனி பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவி கொடுத்த செய்தியையும் அவர்தான் படத்தோடு எழுதினார். நல்லதை எழுதியவன் கெட்டதையும் எழுதலாம் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் கம்பெனி என்றால் ஒன்றுதான். வீடு கம்பெனி வீடு, ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி, செத்தால் புதைக்கிற குழிகூடக் கம்பெனி நிலம். வேறொரு கம்பெனி உலகத்தில் இருக்கிறது என்பதே அந்த வார்த்தைக்குத் தெரியாது. துரைக்குச் சந்தேகம் வரவும் காரணம் இருந்தது. ரப்பர் பாலை உறையவைத்து உலர்த்தும் புகைக்கூடத்து ஆசிட் தண்ணீரை அவர்களும் அதே ஆற்றில்தான் விட்டார்கள்.

வெட்டு முடிந்ததும் பால் நாற்றத்தோடு அப்படியே பஸ் ஏறி மாமா கடைக்குப் போனேன். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"மாமா, எந்தக் கம்பெனின்னு எழுத ஒங்க கைக்கு என்ன நோவு?"

"நான் பேரு போட்டுத்தான் அனுப்பிச்சேன்லா. ஆபீஸ்ல எடுத்துட்டாங்க."

"எடுத்தவன் வீட்டுலயா நான் போயிப் படுக்கிறது? பிள்ளைங்கள எங்க கொண்டு போவேன்?"

மாமா கத்தியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார். நாற்காலியில் இருந்தவர் நுரை முகத்தோடு, "அண்ணே, என் கழுத்துலேருந்து கத்திய எடுத்துட்டுப் பேசுங்கண்ணே," என்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு மாமா நடந்ததைச் சொன்னார். செய்தி அச்சாகும் முன்பே எண்ணெய்க் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி ஆபீசர் ஒருவர், நம் ஆள்தான், கழுத்துப்பட்டை கட்டியவர், ஈப்போ கிளை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. காப்பி வாங்கி வரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தாராம். "நாங்க செஞ்சத மறந்துட்டு ஒரு பக்கமா எழுதினா நியாயமாலா? தோட்டத்து ஆசிட் தண்ணியும் அதே ஆத்துலதானே போவுது, அத ஏன் எழுதல? விசாரிச்சு முடியட்டும், அப்பறம் போடுங்க," என்றாராம். தீபாவளி மலரில் அவர்கள் கொடுக்கும் முழுப்பக்க விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதில்லை. பத்திரிகை பெர்மிட் வேறு அரசாங்கத்தின் கையில். ஆசிரியர் நியாயமாக நடந்துகொண்டார். கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டு, கடைசி லயத்தை அப்படியே விட்டுவிட்டார்.

ஆசிட் தண்ணீரைப் பற்றி அந்த ஆபீசர் கேட்டது சரியான கேள்விதான். அதையும் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அவர் அதைக் கேட்டது ஆறு சுத்தமாக வேண்டும் என்றா?

மாமாவுக்கும் பயம். யாரோ பின்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதுபோல மெதுவாகத்தான் பேசினார். விசாரணை இல்லாமலே போலீஸ் உள்ளே தூக்கிப் போட்டால் எந்த வக்கீலும் கிட்ட வரமாட்டான் என்று அக்காள் தினமும் அழுதாள். அப்படி எதுவும் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததுதான் அவளுக்குப் பெரிய பயம். ஆனாலும் மறுநாள் மாமா கடையைச் சாத்திவிட்டு ஈப்போவுக்குப் போனார். திருத்தம் போடுங்கள் என்றால் போடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வேறு மாதிரிப் பேசினார். "தோட்டக் கம்பெனிக்காரன் தன்னத்தான் எழுதினோம்னு கோவத்துல இருக்கான். கேஸ் போடப் போறானாம். அவங்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றார். கேஸ் என்று துரை சொல்லவே இல்லை. அது மாமாவின் சொந்தச் சரக்கு. ஒரு கம்பெனிக்குப் பயந்தவர்களுக்கு இரண்டு கம்பெனி தாங்கவில்லை.

பத்திரிகையில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. முன்பு வெளிவந்த செய்தியில் கம்பெனி என்று குறிப்பிட்டது எண்ணெய்க் கம்பெனியை, தோட்டக் கம்பெனியை அல்ல. தோட்டம் சுத்தம் என்று மாமா எழுதவில்லை. அதை எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எண்ணெய் டிப்போ ஒன்றுதான். பெயர் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

அடுத்த பெரட்டில் கிராணி அதை உரக்க வாசிக்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டு, எப்போதும் வெட்டுகிற மர நிரைக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான். வீடு தங்கியது. ஆறு அப்படியே ஓடியது, மேலே டிப்போ, கீழே புகைக்கூடம்.

அந்தத் தீபாவளி மலரில் முழுப்பக்க விளம்பரம் இல்லை. மாமாவின் நிருபர் அட்டையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு சாவுச் செய்திகூட எழுதவில்லை. கடை நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். வெள்ளைக் கார் ஏதாவது எதிரே நின்றால், அது நகரும்வரை கத்தரிக்கோல் நகராது. வெகு காலம் அப்படியே இருந்தார். கார்க்காரர்கள் எல்லாம் எதிர்க்கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள்.

மாமா இப்போது இல்லை. தோட்டமும் இல்லை. லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன. நான் ஈப்போவில் மகனோடு இருக்கிறேன். இன்றும் எங்காவது ஆறு கெட்டுப்போனால், "ஒரு நிறுவனம்" என்றுதான் செய்தி வருகிறது. எந்த நிறுவனம் என்று மகன் கேட்பான். என் கண் அங்கே போகாது. "அப்பகுதியில் வசிக்கும் ஒரு பெண் கூறினார்" என்று கீழே இருக்கிறதா என்று தேடும். இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. நிறுவனத்தின் பெயரை ஊருக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். அவள் வீடு எது என்று இந்நேரம் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.