ரம்பம் ஒருத்தருக்கு, விசில் இன்னொருத்தருக்கு

சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன்காரரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. துண்டு போடச் சொன்ன கொடுவாவை அவர் முழுசாகப் பையில் போட்டுவிட்டார். அந்தக் கோபத்தோடு கைபேசியை எடுத்து "யாரு?" என்று கத்தினேன். ஹமீது பாயின் மகள் நசீமா. "ஆன்ட்டி, வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எந்திரிக்கல" என்றாள். என் முகத்தைப் பார்த்து விசாரித்த மீன்காரர், "நம்ம ஹார்டுவேர் ஹமீது பாயா? அட ஆண்டவா" என்று கத்தியைக் கீழே வைத்தார். சண்டை அதோடு முடிந்தது.

பாயை அறிந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேக்காவின் பின்சந்து ஒன்றில் அவர் கடை. ஆணி, பூட்டு, குழாய், கயிறு, அவற்றோடு செயின்சா என்கிற இயந்திர ரம்பமும் விற்றார். அடுக்குமாடிகள் நிறைந்த ஊரில் அதை யார் வாங்குவார்கள் என்பீர்கள். தரைவீட்டுக்காரர்கள், ஜொகூரில் துண்டு நிலம் வாங்கிப்போட்டவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் விவசாயியாகிவிட்டவர்கள். எப்போதோ ஒரு தரம் கையில் எடுப்பவர்கள். பாய்க்குக் கவலையே அவர்களைப் பற்றித்தான். "தினம் மரம் வெட்டுறவனுக்குப் பயம் இருக்கும்மா. தீவாளிக்குத் தீவாளி எடுக்குறான் பாருங்க, அவனுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி" என்பார். அதனால் அவர் கடையில் ஒரு சட்டம். கேட்ட அன்றைக்கு ரம்பம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் பின்னால் நடக்கும் பாடத்துக்கு வர வேண்டும். தனியாக இல்லை, வீட்டிலிருந்து இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு.

நாங்கள் அந்தச் சட்டத்தில் மாட்டியது ஒரு பெருமழைக்குப் பிறகு. எங்கள் வீட்டு ஜம்பு மரம் காற்றில் சாய்ந்து, சுற்றுச்சுவர்மேல் படுத்துவிட்டது. ஆள் வைத்து வெட்டலாம் என்றேன். என் கணவர் சேகர் கேட்கவில்லை. "வீடியோ பார்த்துட்டேன் லா, ஈஸி" என்று என்னைக் கடைக்கு இழுத்துப்போனார். மனுஷன் வாழ்நாள் முழுக்கக் கணினிமுன் உட்கார்ந்தவர், தேங்காய் உடைத்தால் ஓடு ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம். பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல தம்பி, இன்னைக்குக் கிடையாது. சண்டே வீட்டுக்காரம்மாவோட வாங்க." எனக்கு வந்ததே கோபம். "வெட்டப்போறது அவரு, நான் எதுக்கு பாய்? ஞாயித்துக்கிழமை எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். "அவரு வெட்டுவாரு. நிறுத்தப்போறது நீங்கதானேம்மா" என்றார் பாய்.

ஞாயிறன்று போனோம். பின்சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாரும் ஜோடி ஜோடியாக. ஒருவர் மாமியாரை அழைத்து வந்திருந்தார், பாவம். ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டுதான் கிளப்ப வேண்டும் என்று காட்டினார் பாய். இடது கைக் கட்டைவிரல் பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும். சங்கிலி ஓடும் பட்டையின் நுனி எதிலும் பட்டுவிடக் கூடாது, பட்டால் முகத்தைப் பார்த்து எகிறும். தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, ஏணியில் ஏறவே கூடாது. பிறகு ரோத்தான் என்கிற பிரம்பு ஒன்றை எடுத்து வில்லாக வளைத்தார். அதன் முதுகுப்பக்கம் கத்தியால் லேசாகக் கீறினார். சுளீர் என்று அது நிமிர்ந்த வேகத்தில் முன்வரிசை முழுதும் நாற்காலியோடு பின்னால் போனது. "வளைஞ்ச மரம் கோவத்தை அடக்கிட்டு நிக்குது. முதுகுல கை வைக்காத. வயித்துப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா செதுக்கு. அது நிமிர்ற வழியில நிக்காத" என்றார்.

கடைசியில் கூட வந்தவர்களுக்கு ஆளுக்கொரு விசில். "ரம்பம் ஓடும்போது பொண்டாட்டி கூப்பிட்டாக் கேக்காது. ஓடாதப்பவே கேக்காது, அது வேற விஷயம்" என்று சிரித்துவிட்டு, ஆண்களின் பக்கம் திரும்பிக் குரலை மாற்றினார். "விசில் கேட்டா முதல்ல நிப்பாட்டு. ஏன்னு அப்புறம் கேளு." அதை ஒவ்வொருவரும் உரக்கச் சொன்ன பிறகுதான் ரம்பம் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. சேகர் முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். பாய் இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

மறுவாரம் வீட்டில் வேலை தொடங்கியது. நான் தள்ளி நின்று விசிலும் வாயுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கிளைகளெல்லாம் அழகாக விழுந்தன. சேகருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து, மரத்துக்கடியில் சிக்கி வில்லாக வளைந்து நின்ற ஒரு கிளையிடம் போனார். நேராக அதன் முதுகுப்பக்கம் ரம்பத்தைக் கொண்டுபோனார். எனக்கு ரோத்தான்தான் கண்முன் வந்தது. ஊதினேன் பாருங்கள், எதிர்வீட்டு நாய் அன்று முழுக்கக் குரைத்தது. ரம்பம் நின்றது. "என்னடி இப்போ?" என்றார். கையை நீட்டி அந்த வளைவைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. சுற்றி வந்து, ஒதுங்கி நின்று, வயிற்றுப்பக்கம் செதுக்கினார். பாதி பலம் போன பிறகும் அந்தக் கிளை விருட்டென்று நிமிர்ந்து, அவர் முதலில் நின்ற இடத்தின் வழியாகப் போய், சுவர்மேல் இருந்த பூந்தொட்டியைத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டது. அவர் தலை இருந்த உயரம் அது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுதுகொண்டே நல்லாத் திட்டினேன்.

அந்தக் கிளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கதையைக் கேட்ட பாய் எழுந்து நின்று, "அல்ஹம்துலில்லாஹ்! ஜெயிச்சிட்டோம்மா!" என்று சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கடைப்பக்கம் வந்தவர் போனவர் அத்தனை பேருக்கும் அவர் செலவில் தே தாரிக் டீ. அடுத்த ஞாயிறு முதல் விசில் பாடம் என் பொறுப்பானது. பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள், "வர்ற கஸ்டமரை இப்படித் துரத்துறீங்களே பாய்?" என்று கேட்டார். "ரம்பம் இன்னைக்கு விக்கலன்னா நாளைக்கு வித்துக்கலாம். விரல் எந்தக் கடையில விக்குது, சொல்லுங்க?" என்றார் பாய்.

புக்கிட் மேராவில் பாயின் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், அவர் போன அன்று கூடியவர்களைப் பார்த்தீர்களா? தூரத்துப் பொங்கோலிலிருந்தும் புக்கிட் பாத்தோக்கிலிருந்தும் வந்திருந்தார்கள். "வாப்பாவோட ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் ஜோடியாவே வந்திருக்காங்க ஆன்ட்டி" என்று நசீமா அழுகையிலும் சிரித்தாள். சந்தூக் பெட்டியைத் தூக்கியபோது பாயிடம் பாடம் கேட்டவர்கள் ஓடிப்போய்க் கை கொடுத்தார்கள், சேகரும்தான். நான் அந்தக் கைகளை மட்டுமே பார்த்தேன். ஒரு கையிலும் ஒரு விரல் குறையவில்லை. இதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

அடுத்த வாரம் நசீமா கடையைத் திறந்தாள். துணைக்கு நானும் போயிருந்தேன். ஓர் இளைஞர் அவசரமாக வந்தார். "ஆன்ட்டி, ஜஸ்ட் ஒரு சின்ன பிராஞ்ச் லா. இன்னைக்கே வேணும்." நசீமா என்னைப் பார்த்தாள். "இல்ல தம்பி, இன்னைக்குக் கிடையாது" என்றேன். முறைத்துக்கொண்டு போனவர், ஞாயிறன்று மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ரோத்தானை நான்தான் வளைத்தேன்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'கிடையாது'. அப்புறம் இந்த விசில். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, திரைச்சீலை மாட்டுகிறேன் என்று சேகர் சுழல் நாற்காலியில் ஏறினார். ஊதினேன். தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். ஏன் என்று அப்புறம்தான் கேட்டார்.