துண்டு போட்ட இருக்கை

எங்கள் புரட்சி ஒரு கம்பெனி பஸ்ஸுக்குள் நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். திருக்கழுக்குன்றத்தில் ஏறி, செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் ஆலை வாசல் வரைக்கும் தினமும் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. நீலச் சட்டை போட்ட நிரந்தரத் தொழிலாளிகள் உட்காருவார்கள். சாம்பல் சட்டை போட்ட காண்ட்ராக்ட் ஆட்கள் நாங்கள் நிற்போம். நீலச் சட்டைக்காரர் லீவு போட்டால்கூட அவர் சீட்டில் உட்காரக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே அதில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு இறங்கியிருப்பார். காலையில் அந்தத் துண்டு ஜம்மென்று உட்கார்ந்து வரும். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வருவோம். ஆலையிலும் எட்டு மணி நேரம் நின்றுதான் வேலை. நினைத்தால் வயிறு எரியும்.

லைனில் என் பக்கத்தில் வேலை செய்தவளுக்கு அப்போது ஆறு மாசம். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று அவளைவிட எனக்குத்தான் பயம். வேலையை விட்டுவிடேன் என்றால், "வூட்ல இன்னா, குந்த வச்சு சோறு போடுவாங்களாக்கா?" என்பாள்.

சரி, கம்பெனிக்கு மனு எழுதலாம் என்று முடிவு செய்தேன். மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எங்கள் காலனியில் குழாய்க்கு, தெருவிளக்குக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு என்று கலெக்டர் ஆபீசுக்குப் போன மனுவெல்லாம் என் கையெழுத்துதான். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிப்பதற்குள் கல் மனசும் கரைந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டுமாவது இடம் கொடுங்கள் என்று எழுதி, சாம்பல் சட்டைகள் எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

அந்த வாரம் பார்த்துத்தானா செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் புத்தகக் கடையில் ஒரு சின்னப் புத்தகம் கண்ணில் பட வேண்டும்! எழுதியவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், அரசியல் கட்டுரைகள் எழுதுகிறவர். யாரும் எழுதி வைக்காத விதியை எதிர்த்து மனு கொடுத்தால், அப்படி ஒரு விதி இருக்கிறது என்று நாமே சாட்சி சொன்னதாக ஆகிவிடும், அதை மீற ஒருத்தரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு தேடி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இந்த மனுஷன் ஒரு நாளாவது எங்கள் பஸ்ஸில் நின்று பார்த்திருப்பாரா என்று முணுமுணுத்தேன். அப்புறம் என் மனுவை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். 'நிரந்தரத் தொழிலாளர்களுக்குரிய இருக்கைகளில்' என்று எழுதியிருந்தேன். அவர்களுக்குரியது என்று யார் சொன்னது? நான்தான், அழகான கையெழுத்தில், சொல்லியிருக்கிறேன்!

மறுநாளிலிருந்து பஸ்ஸின் பின்பக்கம் நின்று அந்தப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்தேன். நாலு நாள் படித்தேன். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியான இவள் மட்டும் கம்பியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, சுத்தி வளைக்காத. இன்னாதான் சொல்றாரு அவரு?" என்றாள் கடைசி நாள்.

"கேக்காம உக்காருன்னு சொல்றாரு."

"அவ்ளோதானா? அதுக்கா இத்தினி பக்கம்?"

பஸ்ஸே சிரித்தது. மனுவைக் கிழித்துப் போட்டேன். திங்கட்கிழமை எல்லோரும் உட்காருவது என்று பேசி முடித்தோம்.

திங்கட்கிழமை வந்தது. பஸ்ஸில் ஏறினேன். வரிசையாகத் துண்டுகள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கால் மடங்கவில்லை. நாலு நாள் தொண்டை வற்றப் படித்த நான், பழையபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். கடைசியாக ஏறிய இவள் ஒரு துண்டை எடுத்து, நாலாக மடித்து, மேல்தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த ஸ்டாப்பில் துண்டுக்காரர் ஏறினார்.

"ஏம்மா, ஏந்திரு. என் சீட்டு அது."

"எங்கண்ணா எழுதிகீது?"

அவர் டிரைவரைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, வேடிக்கை பாத்துகினு கீற?" என்று கத்தினார். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டார்.

"அந்தப் பொண்ணு ஏந்திரிச்சாத்தான் வண்டி போவும்."

அவள் வேலை போனால் அந்தப் பாவம் என் தலையில். அவளோ ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"அக்கா, படிச்சவ நீதான? உக்காரு."

வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மளமளவென்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். பஸ் நின்றது நின்றபடி இருந்தது. ஆனால் ஆலையில் லைன் ஓடுவதே எங்கள் கையால்தானே! கொஞ்ச நேரத்தில் டிரைவர் போனில் சூப்பர்வைசர் போட்ட சத்தம் பின்சீட்டு வரைக்கும் கேட்டது. "குந்திகினு வந்தா இன்னா, நின்னுகினு வந்தா இன்னா? ஆளுங்கள இட்டுகினு வாய்யா!" டிரைவர் கியரைப் போட்டார். துண்டுக்காரர் அன்றைக்குச் செங்கல்பட்டு வரைக்கும் நின்றார், அதற்கப்புறம் என்னை நகரச் சொல்லி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அந்தப் பஸ்ஸில் மறுபடி துண்டு விழவில்லை.

அடுத்த வருஷம் மாமல்லபுரத்தில் அந்த எழுத்தாளர் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, இவளையும் இவள் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் முடிந்ததும் அவரிடம் பஸ் கதையைச் சொன்னேன், நான் நின்றதையும் சேர்த்து. அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. இவள் பக்கம் திரும்பி, "அந்தப் புத்தகத்துல எந்த இடம்மா உங்களுக்குப் பிடிச்சது?" என்று கேட்டார்.

இவள் மகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நான் படிக்கல சார். உக்காந்தேன்."